கத்தி வைக்காமல் தாடையை எடுப்பாக்க முடியுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 27 வயது. சொந்த ஊர் ஈரோடு, வேலை கோயம்புத்தூரில் ஒரு ஐடி கம்பெனியில். உயரம் 5 அடி 8 அங்குலம், எடை 84 கிலோ. நேராகப் பார்த்தால் முகம் பரவாயில்லை. பக்கவாட்டில் பார்த்தால் முகவாய் உள்ளே போய், தாடையும் கழுத்தும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி இருக்கிறது. குரூப் போட்டோ என்றால் ஓரமாக நழுவிவிடுகிறேன். ஒரு வருடமாக நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி வைக்கிற ‘மியூயிங்’ செய்கிறேன். நாலு மாதமாக ரப்பர் பந்து போன்ற ஒன்றைக் கடித்துப் பயிற்சியும் செய்கிறேன். இப்போது வாயைத் திறந்தால் காதருகே டக் டக் என்று சத்தம் வருகிறது. ஆபரேஷன் என்றால் வீட்டில் விட மாட்டார்கள், எனக்கும் பயம். இங்கே ஒரு சலூனில் ஃபில்லர் ஊசி, அதாவது தோலுக்கடியில் ஜெல் நிரப்புகிற ஊசி போட்டு ஒரே மணி நேரத்தில் தாடையை எடுத்துக்காட்டுகிறோம் என்கிறார்கள், விலையும் குறைவு. கொழுப்பு கரைக்கிற ஊசி மருந்து ஆன்லைனில் கிடைக்கிறது, நாமே போட்டுக்கொள்ளலாம் என்கிறான் நண்பன். இரண்டரை மாதத்தில் நிச்சயதார்த்தம் இருக்கும். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதலில் மூன்று விஷயங்களை இன்றைக்கே நிறுத்துங்கள். அந்த ரப்பர் பந்து, சலூன் ஊசி, நண்பன் சொன்ன ஆன்லைன் மருந்து. ஏன் என்று கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஆனால் படித்து முடிக்கும்வரை கூடக் காத்திருக்க வேண்டாம், பந்தை இப்போதே தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஆண்கள் இப்படிக் கேட்க முன்பெல்லாம் ரொம்பக் கூச்சப்படுவார்கள். பருவுக்கோ முடி கொட்டுவதற்கோ வந்தவர் போல உட்கார்ந்துவிட்டு, எழுந்து போகும்போது கதவருகே நின்று, “டாக்டர், இந்தத் தாடைக்கு ஏதாவது...” என்று இழுப்பார்கள். நீங்கள் நேராகவே கேட்டுவிட்டீர்கள், அது நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தாடை எடுப்பாக இல்லை என்று சொல்கிற பத்துப் பேரை வரிசையாக உட்கார வைத்தால், காரணம் பத்துப் பேருக்கும் ஒன்றாக இருக்காது. ஒருவருக்குக் கீழ்த்தாடை எலும்பே சிறியது. இன்னொருவருக்கு எலும்பு சரியாகவே இருக்கும், முகவாய்க்குக் கீழே கொழுப்பு சேர்ந்து அந்தக் கோட்டை மறைத்திருக்கும். சிலருக்கு நாக்கின் அடியில் இருக்கும் சின்ன எலும்பு பிறவியிலேயே கொஞ்சம் இறங்கியிருக்கும், ஒல்லியாக இருந்தாலும் கழுத்து தாடையிலிருந்து சரிவாகவே இறங்கும். நாள் முழுக்க லேப்டாப் முன்னால் தலையை நீட்டி உட்காருகிறவர்களுக்கு உள்ளதைவிட மோசமாகத் தெரியும். உங்களுக்கு இதில் இரண்டு மூன்று சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். எது எவ்வளவு என்று தெரியாமல் ஊசி போட உட்கார்ந்தால், கொழுப்புக்குச் செய்ய வேண்டியதை எலும்புக்கும் எலும்புக்குச் செய்ய வேண்டியதைக் கொழுப்புக்கும் செய்துவிட்டு, பணம் போனதுதான் மிச்சம் என்று நிற்பீர்கள்.

அதனால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். செல்ஃபி வேண்டாம். ஒரு அடி தூரத்தில் போனைப் பிடித்து எடுக்கும் படத்தில் ஆண்களின் மூக்கு உண்மையில் இருப்பதைவிட சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்காவில் கணக்கிட்டுக் காட்டினார்கள். மூக்கு முன்னால் வந்தால் முகவாய் தானாகவே பின்னால் போன மாதிரிதான் இருக்கும். எனவே தம்பியையோ நண்பனையோ ஐந்தாறு அடி தள்ளி நிற்கச் சொல்லி, போனை உங்கள் முக உயரத்தில் பிடித்து, கொஞ்சம் ஜூம் செய்து பக்கவாட்டில் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் தூரத்தில் ஒரு புள்ளியை நேராகப் பார்த்தபடி, உதடுகளை இறுக்காமல், பற்களை எப்போதும் போல் சேர்த்து வைத்திருங்கள். அந்தப் படத்தில் கீழுதட்டின் முன்புறத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு போடுங்கள். ஆண்களுக்கு முகவாய் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டோ, அதற்கு மிக அருகிலோ இருந்தால் நன்றாக இருக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே என்பது பலருக்கும் உள்ளது. ஒரு சென்டிமீட்டர் என்றால் அது வேறு கதை. அப்புறம் கண்ணாடி முன்னால் நின்று கீழ்த்தாடையை மெதுவாக முன்னால் கொண்டு வாருங்கள். உடனே முகம் சரியாகிவிட்ட மாதிரித் தெரிந்தால் குறை எலும்பில். முன்னால் கொண்டு வந்தும் கழுத்து தொளதொளவென்றே இருந்தால் கொழுப்பின் பங்கு அதிகம்.

இப்போது பற்களைப் பாருங்கள். இதைத்தான் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், எனக்கு உங்கள் கடிதத்தில் முதலில் பட்டதும் இதுதான். பற்களைச் சேர்த்துக் கடித்தால் மேல் முன்பல் கீழ் முன்பல்லைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் இருப்பது இயல்பு. அதைவிட நிறைய முன்னால் நின்றால், அல்லது வாயை மூட உதட்டை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்து, அப்போது முகவாய்த் தோல் ஆரஞ்சுப் பழத் தோல் போலச் சுருங்கினால், கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் என்னைப் போன்ற தோல் டாக்டரிடம் இல்லை, பல் சீரமைப்பு நிபுணரிடம், அதாவது பல்லுக்கு கிளிப் போடுகிறவரிடம். ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு எங்கே நிற்கிறது என்று அளந்தே சொல்லிவிடுவார்.

இன்னொரு கேள்வி, இதற்கு நீங்கள் பதில் சொல்ல முடியாது, உங்களோடு ரூமில் தூங்குகிறவர்தான் சொல்ல வேண்டும். குறட்டை விடுகிறீர்களா? நடுவில் மூச்சு நின்று, திணறி மறுபடி இழுக்கிற மாதிரி சத்தம் வருகிறதா? காலையில் தலைவலி, மத்தியானம் மீட்டிங்கில் கண் சொருகுவது இதெல்லாம் உண்டா? கீழ்த்தாடை பின்னால் இருந்தால் நாக்கும் பின்னால் உட்காரும், தொண்டைக்குள் காற்று போகிற வழி குறுகும். மேலே எடையும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் வரலாம். அது இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் தொடுகிற விஷயம். உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் பிஎம்ஐ, அதாவது உடல் நிறை குறியீட்டு எண், 28-க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. நம் ஊர் உடலமைப்புக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். எனவே குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்லி ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரையோ நுரையீரல் டாக்டரையோ பாருங்கள். தாடையைப் பற்றிக் கேட்டுவிட்டு இதை விட்டுவிட்டால் நான் பாதி பதில்தான் சொன்னவனாவேன்.

சரி, மியூயிங். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் மியூ, அவர் மகன் மைக் மியூ என்ற இரண்டு பல் மருத்துவர்களின் பெயரிலிருந்து வந்தது இது. நாக்கைச் சரியாக வைத்தால் தாடை வளரும் என்பது அவர்கள் கட்சி. மகனின் பெயரை 2024-இல் பிரிட்டிஷ் பல் மருத்துவக் கவுன்சில் பதிவேட்டிலிருந்தே நீக்கிவிட்டது. பெரியவர்களுக்கு நாக்கை வைத்து எலும்பின் வடிவத்தை மாற்றலாம் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. 27 வயதில் உங்கள் முக எலும்பு வளர்ந்து முடிந்துவிட்டது. நீங்கள் பார்த்திருக்கும் ‘முன்’, ‘பின்’ படங்களில் முன் படத்தில் பையனுக்கு 14 வயது, பின் படத்தில் 18. நாலு வருடத்தில் அவன் வளர்ந்தான், அவ்வளவுதான். நாக்கை மேலண்ணத்தில் லேசாக வைத்து மூக்கால் மூச்சு விடுவதில் தப்பில்லை, இயல்பாகவே நாக்கு அங்கேதான் இருக்கும். ஒரு வருடமாக அழுத்தி அழுத்தி வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், அது தாடை மூட்டுக்குக் கூடுதல் சுமை.

உங்கள் வீட்டில் 11, 12 வயதில் தம்பியோ அக்கா பையனோ இருந்து, அவனுக்கும் இதே அமைப்பு இருந்தால் அவனை இப்போதே பல் டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பு வேகமாக வளர்கிற அந்த வயதில் கழற்றி மாட்டும் கருவி ஒன்றைப் போட்டு, கீழ்த்தாடையை முன்னால் நிறுத்திவைத்து நல்ல பலன் பார்க்கலாம். கத்தி இல்லாத வழி என்பதற்கு உண்மையான காலம் அதுதான். அந்தக் காலத்தை நம் வீடுகளில் “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று சொல்லியே தவற விடுகிறோம்.

ரப்பர் பந்துக்கு வருவோம். நீங்கள் கடிக்கும்போது கன்னத்தின் பின்பக்கம், காதுக்குக் கீழே ஒரு தசை புடைக்கும், கை வைத்துப் பார்த்தாலே தெரியும். பயிற்சியில் வளர்வது அந்தத் தசைதான். அது வளர்ந்தால் முகம் பக்கவாட்டில் அகலமாகும், முகவாய் ஒரு மில்லிமீட்டர்கூட முன்னால் வராது. ஏற்கனவே கன்னம் நிறைந்திருக்கிற முகத்தில் அது இன்னும் உருண்டையாகத்தான் காட்டும். காதருகே வரும் டக் சத்தம் தாடை மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு இடம் விட்டு நகர்வதால் வருவது. வலி இல்லாமல் வெறும் சத்தம் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். மூன்று நான்கு வாரம் மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள்: சூயிங் கம் வேண்டாம், முறுக்கு, கரும்பு மாதிரிக் கடினமானதைக் கடிக்க வேண்டாம், கொட்டாவி வரும்போது முகவாயைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள், இரவில் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். வலி வந்தாலோ, வாய் முழுக்கத் திறக்காமல் பிடித்துக்கொண்டாலோ உடனே பல் டாக்டரிடம் போங்கள். தாடைக்கு வேலை கொடுக்கிறேன் என்று பாக்கை மெல்கிற பையன்களையும் பார்க்கிறேன். வேண்டவே வேண்டாம். பாக்கு வாயின் உள் சதையை இறுக்கி, கடைசியில் வாயே திறக்க முடியாத நிலைக்குக் கொண்டுபோகும், புற்றுநோய்க்கும் வழி விடும். எலும்பைத் தட்டித் தட்டி வளர்க்கலாம் என்று சுத்தியல் எடுக்கிற வீடியோக்களும் உண்டு. அதில் கிடைப்பது வீக்கமும் நரம்புக் காயமும் மட்டும்தான். ஜிம்மில் யாராவது வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் தாடை வரும் என்றால் அதையும் கேட்காதீர்கள். அந்த ஹார்மோன் மிகுந்தால் தாடை பெரிதாவது உண்மைதான், கூடவே கை, கால், மூக்கு, இதயம் எல்லாம் பெரிதாகும், சர்க்கரை நோயும் வரலாம். அதை நாங்கள் நோய் என்று பெயர் வைத்து வைத்தியம் பார்க்கிறோம்.

இனி நீங்கள் உண்மையில் செய்யக்கூடியவை. உங்களுக்கு முதலில் நான் எழுதித் தரும் மருந்து எடைக் குறைப்புதான், சொல்லும்போது சப்பென்று இருக்கும், தெரியும். வாரத்துக்கு அரைக் கிலோ என்று வைத்தாலும் நிச்சயத்துக்குள் ஐந்து கிலோ. உங்கள் வயதில் எடை குறையும்போது முகத்தில் அது சீக்கிரமே தெரியும், தோலும் தொங்காமல் சுருங்கிக்கொள்ளும். இரவு ஒன்பது மணிக்கு மேல் பரோட்டா, பிரியாணி என்று ஆர்டர் போடுவதை நிறுத்துவது, தட்டில் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் பொரியலும் முட்டையோ சுண்டலோ வைப்பது, தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பது, இவ்வளவுதான். உப்பும் மதுவும் தூக்கக் குறைவும் காலையில் முகத்தை ஊத வைக்கும், போட்டோ எடுக்கிற வாரத்திலாவது அவற்றைக் கவனியுங்கள். கூடவே ஒன்று, முகம் வெளுக்க என்று மெடிக்கல் ஷாப்பில் சொந்தமாக வாங்கிய ஸ்டீராய்டு கிரீம் எதையாவது தடவுகிறீர்களா, சதை போட என்று யாராவது கொடுத்த மாத்திரை எதையாவது விழுங்கினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அந்த மாத்திரைகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது, முகம் நிலா மாதிரி உருண்டு தாடைக்கோடு காணாமல் போக அது ஒன்றே போதும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிப் படிப்படியாக நிறுத்துங்கள்.

தாடியை யாரும் வைத்தியமாக நினைப்பதில்லை. ஆனால் செலவும் ஆபத்தும் இல்லாமல் பக்கவாட்டுத் தோற்றத்தை மாற்றக்கூடியது அதுதான், என்னிடம் வருகிற எத்தனையோ பேருக்கு நான் ஃபில்லருக்குப் பதிலாக இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கன்னத்தில் முடியைக் குட்டையாக வெட்டி, முகவாயின் முனையில் மட்டும் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் வளர விடுங்கள். அந்தக் கூடுதல் நீளமே முகவாயை முன்னால் கொண்டுவந்து காட்டும். தப்பு நடப்பது கழுத்துக் கோட்டில். தாடை எலும்பின் மேலேயே கோட்டை வெட்டிவிடுகிறார்கள், அப்படி வெட்டினால் கீழே உள்ள சதை பளிச்சென்று தெரியும். குரல்வளை மேட்டுக்கு இரண்டு விரல்கடை மேலே, காதுக்குப் பின்னாலிருந்து வளைவாக வருகிற மாதிரி வெட்டச் சொல்லுங்கள். கழுத்து நிழலாகவும் தாடை தெளிவாகவும் நிற்கும். நிச்சயத்துக்கு முதல் நாள் புதுசாக முயற்சி பண்ணாமல் இப்போதே ஆரம்பித்தால் எட்டு வாரத்தில் நல்ல வடிவம் வந்துவிடும்.

ஃபில்லரைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும், ஏனென்றால் கத்தியில்லாமல் முகவாயை உண்மையில் முன்னால் கொண்டுவரக்கூடியது அது ஒன்றுதான். நல்ல கையில் நன்றாகவே வரும், நானும் போடுகிறேன். தோலில் இயற்கையாக இருக்கும் ஹையலுரானிக் ஆசிட் என்ற பொருளைக் கெட்டியான ஜெல்லாக்கி, முகவாய் எலும்பின் மேல் ஒட்டினாற்போல் வைப்போம். அமெரிக்காவில் இந்த வகை ஜெல்லை முகவாய்க்கு 2020-லும் தாடைக்கோட்டுக்கு 2022-லும் அனுமதித்தார்கள். முகவாய்க்கு மட்டும் என்றால் ஒன்று அல்லது இரண்டு மில்லி, தாடைக்கோடு முழுக்க என்றால் ஆண்களுக்கு நாலு ஐந்து மில்லிகூடப் போகும். சிரிஞ்சு ஒன்றில் ஒரு மில்லிதான் இருக்கும். ஆக “ஒரு சிரிஞ்சு இவ்வளவு” என்கிற விலையைக் கேட்டுவிட்டு மொத்தச் செலவு அதுதான் என்று நினைக்காதீர்கள். ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் கரைந்துவிடும், மறுபடி போட வேண்டும். மூன்று நான்கு மில்லிமீட்டர் குறையை அது அழகாக மூடும். ஒரு சென்டிமீட்டர் பின்னால் நிற்கிற தாடையை ஃபில்லரால் நிரப்பப் பார்த்தால் முகவாய் கட்டி மாதிரி தொங்கும். கொழுப்பு நிறைந்த முகத்தில் ஜெல்லை மேலும் ஏற்றினால் முகம் கனத்துத்தான் போகும், கோடு தெரியாது. எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் காரணம்.

இப்போது பற்களை இறுகக் கடித்து, கன்னத்துத் தசை புடைக்கிறதல்லவா, அதன் முன் ஓரத்தில், தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரலை லேசாக வையுங்கள். நாடி துடிப்பது தெரிகிறதா? முகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி எலும்பைத் தாண்டி மேலே ஏறுகிற இடம் அது. ஃபில்லர் போடுகிற பாதை அதைக் குறுக்காகத் தாண்டித்தான் போகிறது. முகவாயிலும் கீழுதட்டுக்குக் கீழும் அதன் கிளைகள் இருக்கின்றன. ஜெல் ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் அந்தக் குழாய் போய்ச் சேரும் தோலுக்கு ரத்தம் நின்றுவிடும். உடனேயோ சில மணி நேரத்திலோ அந்த இடம் வெளிறி, பிறகு வலைப்பின்னல் மாதிரி நீலமும் சிவப்புமாக மாறும், கவனிக்காவிட்டால் தோல் அழுகும். மிக அபூர்வமாகக் கண் பார்வைகூடப் போயிருக்கிறது.

ஒரு பையன் என்னிடம் மறுநாள் மாலை வந்தான். வெளியே எங்கோ போட்ட ஊசி. இரவெல்லாம் முகவாய் வலித்திருக்கிறது, போட்ட இடத்தில் போன் செய்து கேட்டால் “வீக்கம்தான், ஐஸ் வையுங்கள்” என்றிருக்கிறார்கள். தாடியை மழித்த பிறகுதான் உள்ளே தோல் எப்படி மாறியிருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது. ஆண்களிடம் இது பெரிய சிக்கல், தோல் வெளிறுவதைத் தாடி மறைத்துவிடும். நல்ல வேளையாக அவனுக்குப் போட்டது ஹையலுரானிக் ஆசிட் ஜெல். அதைக் கரைக்க ஹையலுரோனிடேஸ் என்று ஒரு மருந்து உண்டு, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காப்பாற்றினோம். முகவாயில் காசு அளவுக்கு ஒரு தழும்பு நின்றுவிட்டது. இன்னும் ஆறு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது என்று அவன் அம்மாவிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போட்டது கால்சியம் ஜெல்லாகவோ, நிரந்தர ஃபில்லராகவோ, திரவ சிலிக்கானாகவோ இருந்திருந்தால் அந்தக் கரைப்பான் வேலையே செய்திருக்காது. விலை குறைவு என்கிற இடத்தில் உள்ளே போவது எது என்று யாருக்குத் தெரியும்?

அதனால் எப்போதாவது ஃபில்லர் போடுவது என்று முடிவெடுத்தால், போடுகிறவர் தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ பட்ட மேற்படிப்பு படித்தவரா என்று கேளுங்கள், மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பயிலரங்கில் பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் பயிற்சியாகாது என்று அழகுச் சிகிச்சைகள் பற்றி 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமே சொல்லியிருக்கிறது. பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், அதில் உள்ள பேட்ச் ஸ்டிக்கரை உங்கள் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். கரைக்கிற மருந்து இப்போது இந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். “தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு வலித்தால் யாருக்குப் போன் செய்வது என்ற எண்ணும் வேண்டும். ஊசி போடப் போகும்போது தாடியை மழித்துவிட்டுப் போவது நல்லது, தோலின் நிறம் தெரியும். முன்னும் பின்னும் இரண்டு வாரத்துக்குப் பல் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கொழுப்பு கரைக்கிற ஊசி என்று நண்பன் சொல்வது டிஆக்ஸிகோலிக் ஆசிட். நம் பித்தநீரில் இருப்பதன் செயற்கை வடிவம், கொழுப்புச் செல்லின் சுவரை உடைக்கும். முகவாய்க்குக் கீழே உள்ள கொழுப்புக்கு என்று 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஏமாற்று மருந்து இல்லை. ஆனால் அது கொழுப்பைப் பார்த்து உடைப்பதில்லை, எந்தச் செல்லைத் தொட்டாலும் உடைக்கும். தப்பான ஆழத்தில் போட்டால் தோலில் புண் வரும், தாடி முடி கொட்டும். கொஞ்சம் மேலே போய்விட்டால் கீழுதட்டை இழுக்கும் நரம்பு அடிபட்டுச் சிரிப்பு ஒரு பக்கம் கோணும். டாக்டர்களே அளந்து போட்ட ஆய்வுகளில்கூட நூற்றுக்கு நாலு பேருக்கு இந்த நரம்புப் பிரச்சினை வந்தது, பெரும்பாலும் வாரக்கணக்கில் சரியானது. முறையாகப் போட்டாலே ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு வாரம் கழுத்து தவளை மாதிரி வீங்கியிருக்கும், ஒரு மாத இடைவெளியில் ஆறு தடவை வரைகூடத் தேவைப்படும். உங்கள் இரண்டரை மாதத்துக்கு அது ஒத்தும் வராது. நீங்களே கண்ணாடி பார்த்துப் போட்டுக்கொள்வது என்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

குளிரூட்டிக் கொழுப்பை உறைய வைக்கிற கருவியும் உண்டு. கொஞ்சமாகத் திரண்டிருக்கும் கொழுப்புக்கு ஓரளவு பயன்படும். சிலருக்குக் கொழுப்பு குறைவதற்குப் பதிலாக அந்த இடத்தில் கெட்டியாக வளர்ந்துவிடும், ஆண்களிடம் இது கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. லிண்டா எவாஞ்சலிஸ்டா என்ற புகழ்பெற்ற மாடல் அப்படிப் பாதிக்கப்பட்டதாக 2021-இல் வெளிப்படையாகவே சொன்னார். அல்ட்ராசவுண்ட் வெப்பத்தால் தோலை இறுக்குவது தளர்ந்த தோலுக்கு, 27 வயதில் உங்களுக்கு எதற்கு? நூல் போட்டு இழுப்பதும் அப்படியே. தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி தாடைத் தசையைச் சுருக்கும், முகத்தை ஒடுக்கிக் காட்டும், நீங்கள் கேட்பது அதுவல்ல. முகவாய்த் தோல் ஆரஞ்சுத் தோல் போலச் சுருங்குகிறது என்றால் மட்டும் அந்த இடத்தில் சிறிய அளவு போட்டால் மென்மையாகும்.

ஆபரேஷன் வேண்டாம் என்றீர்கள், கட்டாயப்படுத்த மாட்டேன். ஒன்று மட்டும் தெரிந்துவைத்திருங்கள். பல் டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, கடி ரொம்பவே தவறியிருக்கிறது, மூச்சுக்கும் தொந்தரவு என்று சொன்னால், கிளிப் போட்டு, கீழ்த்தாடையை அறுவை செய்து முன்னால் நகர்த்துவது உடல்நலத்துக்கான வைத்தியம். அதை அழகுக்காகச் செய்வது என்று வீட்டில் யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். அப்படி ஒரு பேச்சு வந்தால் அம்மா அப்பாவையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள், டாக்டர் வாயாலேயே அவர்கள் கேட்கட்டும்.

குரூப் போட்டோவில் நழுவிவிடுகிறேன் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரி மனதில் நிற்கிறது. ஒரு நாளில் கண்ணாடி முன்னாலும் போன் கேமராவிலும் தாடையைப் பார்ப்பதில் எவ்வளவு நேரம் போகிறது என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால், வேலையோ நண்பர்களோ இதனால் விலகிப் போகிறார்கள் என்றால், அது தாடையில் இல்லை, மனதைப் பிடித்துக்கொண்ட ஒரு தவிப்பு. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, மனநல டாக்டரிடம் நாலைந்து மாதத்தில் பெரிய மாற்றம் பார்க்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு நான் ஃபில்லர் போடுவதில்லை. போட்டாலும் அவர்களுக்கு நிம்மதி வருவதில்லை, அடுத்த வாரம் மூக்கு சரியில்லை என்று வருவார்கள். உங்களுக்கு அப்படி என்று சொல்லவில்லை. கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, அதனால் கேட்கிறேன்.

நிச்சயத்துக்கு முன்னால் எந்த ஊசியும் வேண்டாம் என்பதே என் கருத்து. ஆண்களின் முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், ஊசி பட்டால் கன்றிப்போவதும் அதிகம். விசேஷத்துக்கு நாலு வாரத்துக்குள் யாரும் முகத்தில் புதிதாக எதையும் செய்துகொள்ளக் கூடாது. பெண் வீட்டுக்குக் கொடுக்கிற போட்டோவில் தாடையை ஆப்பில் வெட்டி ஒட்டவும் வேண்டாம், நேரில் வரும்போது அந்தப் படத்தோடு நீங்கள் போட்டி போட வேண்டியிருக்கும். ஐந்தாறு அடி தள்ளி நின்று, கழுத்தை நீட்டாமல் தோளைப் பின்னால் இழுத்து, முகத்தைச் சற்றே திருப்பி எடுத்த ஒரு படம் போதும்.

இந்த வாரம் பல் சீரமைப்பு நிபுணரிடம் தேதி வாங்குங்கள், ரூம்மேட்டிடம் குறட்டையைக் கேளுங்கள், முடிந்தால் தூங்கும்போது இரண்டு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், அது டாக்டருக்கு ரொம்ப உதவும். எடை எண்பதுக்குக் கீழே வந்ததும் நான் சொன்ன மாதிரியே அதே இடத்தில் அதே தூரத்தில் இன்னொரு பக்கவாட்டுப் படம் எடுத்து வையுங்கள். இரண்டு படத்தையும், பல் டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். ஃபில்லர் தேவையா, தேவையென்றால் எத்தனை மில்லி என்று அப்போது உறுதியாகச் சொல்கிறேன்.